சிறு முதலில் விளையாட்டுக் கணனி அமைத்தல்

விளையாட்டுக் கணனி என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகஞ் சுளிப்பதும் பிள்ளைகள் முகம் மலர்வதும் இன்று பல வீடுகளிற் காணுங் காட்சியாகும். கணனி விளையாட்டு நல்லதா தீயதா என்னும் வழக்கை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஆம் ஆண்டு சீன தேசத்து ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இவ்விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது என்பதை மட்டுங் கூறி, அவ்வழக்கை அவரவர் வீட்டுக்கே விட்டுவிடுகின்றேன். ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்து வாங்கி, விளையாட்டுக்கும் படிப்புக்கும் ஒருசேர உதவும் கணனியொன்றைப் பூட்டிக்கொள்ள விரும்பும் மாணாக்கன், எதிற் சிக்கனம் பிடிக்கலாம், எதிற் பிடிக்கலாகாது என்பதே அது.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பாடசாலைக் கணனி அறையின் திறப்பு சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றது. அதனால், இலக்கணத்தில் ஐயங் கேட்டு வருவோரிலும், கடையிற் பெற்ற விலைச்சீட்டை நீட்டி, “சேர், இது சரியா?” என்று கேட்டு வருவோரே எனக்கு மிகுதி. அச்சீட்டுகளைப் படித்துப் படித்தே இதனைக் கற்றேன்.

சிறு முதல் என்கின்றோம். அது யாருக்குச் சிறிது என்பதையும் நினைத்தல் வேண்டும். இரண்டு இலட்சம் ரூபாவை வைத்துக்கொள்வோம். கணனிக் கடையில் அது அடிமட்டத் தொகை. ஆனால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானை முதலிய தோட்டப்பகுதிகளிலிருந்து கண்டி நகருக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் பலர். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி இரண்டு இலட்சம் என்பது, உணவுக்கும் ஒரு சதம் எடாது உழைத்த 148 நாட்களின் கூலியாகும். இக்கணக்கை மனத்திற் கொண்டே மேலே செல்வோம்.

விலைகளை நான் எழுதப்போவதில்லை. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டபொழுது, 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாவைக் கடந்தது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாயிற்று. 2025 இன் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவக வில்லைகளை அள்ளிக்கொண்டமையால், நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிற்று. உறுப்பு ஒவ்வொன்றும் கடல் கடந்து வருவது. விலையும் கடலைப்போல் அலைவது. ஆதலால் தொகையை அன்றிப் பங்கையும் முறையையுமே கூறுவேன்.

முதலிற் பார்க்கவேண்டியது கணனியை அன்று. திரையையும், ஆட விரும்பும் ஆட்டத்தையும். நம் மாணாக்கர் வீடுகளில் உள்ள திரைகள் பெரும்பாலும் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டவை. வினாடிக்கு 60 முறை படம் மாற்றுபவை. அத்தகைய திரைக்கு முன் வினாடிக்கு 200 படம் வரையவல்ல அட்டையை வைத்தால், மீதிப் படங்களைத் திரை காட்டப்போவதில்லை. ஆட்டங்களுள்ளும் வேறுபாடு பெரிது. 2006 இல் வெளிவந்து இன்றும் இலங்கைப் பிள்ளைகள் விடாது ஆடும் ‘கிரிக்கெட் 07’க்குத் தனி அட்டையே வேண்டாம். ‘வலோரண்ட்’, ‘டோட்டா 2’ என்பனவும் எளிய கருவியில் ஓடும். ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ சற்றுக் கூடுதலாகக் கேட்கும். 2015 இல் கணனிக்கு வந்த ‘ஜி.டி.ஏ. 5’ இடத்தை விழுங்கும். அது ஒன்றே 100 ஜிகாபைற்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகும் பிள்ளையைக் கடைக்காரர் எளிதில் மயக்க முடியாது.

அடுத்தது செயலியும் வரைகலை அட்டையும். விளையாட்டுக் கணனியில் முதலின் பெரும்பங்கு, ஐந்தில் இரண்டு வரையில், அட்டைக்கே போகவேண்டும் என்பது என் கருத்து. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். பெயர்பெற்ற பெரிய செயலியை வாங்கிவிட்டு, எஞ்சிய பணத்துக்கு நலிந்த அட்டையைப் பூட்டுவர். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600, அல்லது இன்டெலின் ஐ5 12400எஃப் இருந்தால் நம் திரைக்குப் போதும். இவ்விரண்டும் 2022 இல் வந்தவை. இரண்டிலும் உட்பொதிந்த வரைகலை இல்லை. இதனை அறியாது, அட்டையைப் பிறகு வாங்கலாம் என்று எண்ணிக் கணனியைப் பூட்டினால் திரை இருண்டே இருக்கும். இன்டெல் பெயரின் இறுதியில் நிற்கும் ‘எஃப்’ என்னும் ஓரெழுத்து அதனையே குறிக்கின்றது. ஓரெழுத்திலே பொருள் வேறுபடுதல் தமிழ் படித்தார்க்குப் புதிதன்று.

அட்டைக்கு இப்பொழுது பணமில்லை என்போர் ரைசன் 5 5600ஜி போன்ற, வரைகலையைத் தன்னுள்ளே கொண்ட செயலியை வாங்கித் தொடங்கலாம். மேற்கூறிய எளிய ஆட்டங்கள் ஓடும். படிப்பு வேலை யாவும் நடக்கும். அடுத்த ஆண்டு அட்டை வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் இவ்வழியிற் செல்வோர் நினைவகத்தை 16 ஜிகாபைற் ஒரே கட்டையாக வாங்காது, எட்டெட்டாக இரண்டு வாங்கவேண்டும். உட்பொதிந்த வரைகலைக்குத் தனி நினைவகம் இல்லாமையால் அது பொது நினைவகத்திலேயே வேலை செய்கின்றது. இரண்டு கட்டை இருப்பின் பாதை இரண்டாகி வேகம் கூடும். செலவு ஏறக்குறைய ஒன்றே. பயனோ கண்ணுக்குத் தெரிவது.

தனி அட்டைக்குப் பணம் உடையோர்க்கு நான் உரைகல்லாகக் கொள்வது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிகாபைற் நினைவகம் உடையது. 132 வாற்று மின்சாரமே எடுப்பது. 1080 வரித் திரைக்கென்றே அமைந்தது. விலைச்சீட்டில் வேறு எந்த அட்டை காணப்பட்டாலும் இதனோடு ஒப்பிட்டு, கூடுதற் பணத்துக்குக் கூடுதலாக என்ன கிடைக்கின்றது என்று கேட்டல் வேண்டும்.

இனிப் பொருத்தம். ‘அவன் வந்தாள்’ என்று எழுதிய மாணாக்கனை நாம் பால்வழு என்று திருத்துகின்றோம். கணனி உறுப்புகளிலும் எழுவாய்க்கேற்ற பயனிலை வேண்டும்; தவறினால் திருத்த இயலாது, பணந்தான் போகும். ரைசன் 5600 ‘ஏஎம்4’ என்னும் பொருத்தியில் இருப்பது. அதற்கு 1331 ஊசிகள். 2022 இல் வந்த ‘ஏஎம்5’ பொருத்தியில் தொடுபுள்ளிகள் 1718. ஒன்றன் செயலி மற்றொன்றன் தாய்ப்பலகையில் அமராது. நினைவகமும் அவ்வாறே: ஏஎம்4 பலகைக்கு டிடிஆர்4, ஏஎம்5 பலகைக்கு டிடிஆர்5. வெட்டுவாய் இருக்கும் இடமே வேறாகையால் அழுத்தினாலும் இறங்காது; பின்னும் அழுத்தினால் உடையும். இன்டெல் 12 ஆம் தலைமுறையிலோ, பலகையைப் பொறுத்து இரண்டில் ஒன்று வரும். ஆகவே பலகையின் பெயரை இறுதி எழுத்துவரை படித்தல் வேண்டும். பழைய ‘பி450’ பலகை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தாலன்றி 5600 செயலியை அது அறியாது. அவ்வேலையைக் கடையிலேயே செய்வித்துக்கொள்வது நன்று.

நிற்க. இதுகாறுங் கூறியவற்றை இளைஞர் பலர் என்னினும் நன்கறிவர். அவர்கள் அறியாததும், அறிந்தும் பொருட்படுத்தாததுமான உறுப்பு ஒன்றுண்டு. அது மின்வழங்கி, கடைவழக்கில் பவர் சப்ளை. பெட்டிக்குள்ளே மறைந்திருப்பது, ஒளி வீசாதது, ஆட்டத்தின் வேகத்தில் ஓரணுவும் கூட்டாதது. இக்காரணங்களால் விலைச்சீட்டில் பணம் குறைக்கவேண்டி வரும்பொழுது முதலில் வெட்டுண்பதும் அதுவே. பெட்டி வாங்கினால் மின்வழங்கி இலவசம் என்று கடைகளிற் கொடுப்பதும் உண்டு.

இலவசமாக வருவதன் மேல் ‘500 வாற்று’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதனைப் படிப்பதோடு நில்லாது, பக்கத்தில் ஒட்டியுள்ள சிறிய அட்டவணையைப் படிக்கவேண்டும். செயலியும் வரைகலை அட்டையும் மின் எடுப்பது 12 வோல்ற்று வழியிலிருந்து. அவ்வழிக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பார்த்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்குக. 18 அம்பியர் என்றிருந்தால் 216 வாற்று. அதுவே அக்கருவியின் உண்மை வலிமை. எஞ்சிய எண்ணெல்லாம் 3.3, 5 வோல்ற்று வழிகளிற் காட்டிக் கூட்டியது. இக்காலக் கணனிக்கு அவை பெரிதும் வேண்டாதவை. நம் கணனிக்கு எவ்வளவு வேண்டும்? அட்டைக்கு 132, செயலிக்கு 65 முதல் 76 வரை, ஏனையவற்றுக்கு ஓர் ஐம்பது: 260 வாற்றளவு. ஆர்எக்ஸ் 6600க்கு அதனை ஆக்கிய ஏஎம்டி நிறுவனம் 450 வாற்று வழங்கியைப் பரிந்துரைக்கின்றது. நேர்மையான 450 வாற்று வழங்கியில் 12 வோல்ற்று வழி 36 அம்பியர் அளவில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பெருக்கல்கூட இதற்கு வேண்டாம்.

‘80 பிளஸ்’ என்னும் முத்திரையைக் கண்டு மகிழ்வோர் உளர். அது நல்லதே. ஆயினும் அம்முத்திரை கூறுவது, எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாய் வீணாகாது பயன்படுகின்றது என்பதை மட்டுமே. மின்னழுத்தம் எகிறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா, ஏனைய உறுப்புகளைக் காக்குமா என்பதுபற்றி அது ஒன்றுங் கூறவில்லை. ஆக்கியோன் எத்தனை ஆண்டு உத்தரவாதம் தருகின்றான் என்பதே சாதாரண மக்கள் காணக்கூடிய சான்று. ஐந்தாண்டு தருபவனுக்குத் தன் பொருளில் நம்பிக்கை உண்டு என்று கொள்ளலாம்.

இதனை ஏன் இவ்வளவு நீட்டுகின்றேன் என்றால், நம் மலைநாடு இடியின் நாடு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இருண்டு, இடித்து, மழை கொட்டாத நாட்கள் சில. மின்சாரம் நின்று நின்று வரும். நின்றது திரும்பும் கணத்தில் அழுத்தம் துள்ளும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9 ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று குறுக்கிட்டதாக அமைச்சர் கூற, நாடு முழுவதும் இருண்டது. அநுமன் இலங்கைக்குத் தீ வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நாம், இம்முறை விளக்கை அணைத்தோம் என்று ஆசிரியர் அறையில் நகைத்துக்கொண்டோம். கணனி வைத்திருந்தோர் நகைத்திரார்.

நான் கற்பித்த மாணாக்கன் ஒருவன். ஊரும் பெயரும் வேண்டா. தாயார் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை மகன் கையிற் கொடுத்தார். அவன் செயலியை நன்கு தெரிந்தான். அட்டையையும் நன்கு தெரிந்தான். பெட்டியோடு வந்த மின்வழங்கியே அதில் இருந்தது. நான்காம் மாதம், ஐப்பசிப் பிற்பகல் ஒன்றில் மின்சாரம் நின்று திரும்பியபொழுது ‘படார்’ என்றோர் ஒலி. பிறகு புகை நாற்றம். செயலியும் நினைவகமும் பிழைத்தன. தாய்ப்பலகையும் அட்டையும் பிழைக்கவில்லை. உத்தரவாதம் இருந்ததே என்று இரண்டையும் கடைக்குக் கொண்டு சென்றனர். கடைக்காரர் பற்றுச்சீட்டின் அடியிலே சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்த வரியைச் சுட்டினார்: எரிந்த தழும்பு, இடிமின்னல், மின்னழுத்த ஏற்றம் என்பவற்றால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது. அவர் பொய் கூறவில்லை. வரி அங்கேயே இருந்தது. இத்தகைய வரி நம் நாட்டுக் கணனிக் கடைகளின் சீட்டுகளில் பொதுவாகக் காணப்படுவதே. தாயார் பின்னொரு நாள் பாடசாலைக்கு வந்திருந்தபொழுது, “போனது போகட்டும் ஐயா, பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்றார். அவர் கணக்கில் அது நூறு நாள் உழைப்புக்கு மேல்.

எனவேதான், நம் ஊரில் விலைச்சீட்டு எழுதத் தொடங்கும்பொழுது மின்வழங்கியையே முதல் வரியாக எழுதுக என்று மாணாக்கர்க்குக் கூறிவருகின்றேன். அதன் பின் எஞ்சிய பணத்துக்கு அட்டையும் செயலியும். அட்டை ஒருபடி தாழ்ந்தாலும் ஆட்டம் சற்று மெதுவாகும், அவ்வளவே.

மின்வழங்கியோடு சேர்ந்தது வீட்டு மின்னிணைப்பு. பழைய வீடுகளிலும் லயன் அறைகளிலும் எர்த் கம்பி இல்லாத உருளைமுனைப் பொருத்திகள் இன்னும் உள. அவற்றிற் பூட்டிய கணனியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் கை சுரீரென்னும். பலர் அதனை வழமையென்று விட்டுவிடுகின்றனர். அஃது எர்த் இல்லை என்பதன் அறிகுறி. அட்டைக்கு முன் மின்வினைஞர் ஒருவரை அழைத்து அதனைச் சரிசெய்தல் வேண்டும். யு.பி.எஸ். வாங்குவோர் ‘650 வீ.ஏ.’ என்னும் எண்ணை வாற்று என்று மயங்கலாகாது. அத்தகையது தருவது 360 வாற்றளவே. மின்வெட்டில் தொடர்ந்து ஆடுவதற்கன்று, எழுதியதைச் சேமித்து ஒழுங்காய் அணைப்பதற்கே அது. இடி நெருங்கும்பொழுது அதனையும் நம்பாது, முளையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக; இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றுக. மின்னல் எக்கம்பி வழியாகவும் வரும்.

பணம் மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு உள. கண்டி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பது. கொழும்பின் வெக்கை இங்கில்லை. ஆகவே 5600 செயலியோடு வரும் குளிர்விப்பானே போதும், தனியாக வாங்கவேண்டா. பெட்டி மலிவானதாய் இருக்கலாம். முன்புறம் கண்ணாடியால் அடைபடாது காற்று புகுவதாய் இருந்தாற் சரி. வானவில் விளக்கு வேண்டா. திருவிழாச் சப்பறத்துக்கு அது அழகு.

பழைய பொருள் வாங்குதல் தவறன்று; விழிப்பு வேண்டும். எதீரியம் என்னும் மறைநாணயத்தை அட்டைகளைக்கொண்டு அகழும் முறை 2022 செப்டெம்பர் 15 இல் முடிவுற்றது. அதுகாறும் இரவு பகலாய் உழைத்த அட்டைகள் உலகச் சந்தைக்கு வந்தன. 2017 இன் ஆர்எக்ஸ் 580 அவற்றுள் ஒன்று. அப்பெயரிலேயே ‘2048எஸ்பி’ என்னும் அடையோடு வேறொன்று உண்டு. உண்மையான 580 இல் கணிப்பலகுகள் 2304. இதில், பெயரே கூறுமாறு, 2048. விற்பவர் அடைமொழியை விழுங்கிவிடுதல் உண்டு. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மை எண் தெரியும். 580 என்பது 185 வாற்று எடுப்பது என்பதையும் மறவற்க. மலிந்த அட்டை வலிய மின்வழங்கியைக் கேட்கும்.

வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கணனிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. படிப்புக்கு அவை சாலும். விளையாட்டுக்கு வாங்குவோர் செயலியின் தலைமுறையைக் கேட்கவேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 இல் நிறுத்திற்று. விண்டோஸ் 11 இன்டெலின் 8 ஆம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்ட செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 11 இல் வலோரண்ட் ஆடுவதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். நான்காந் தலைமுறைக் கணனியை வாங்கி வலோரண்ட் ஆடலாம் என்று மகிழ்ந்த பிள்ளைகளை அறிவேன். அலுவலகக் கணனிக்கு அட்டை சேர்ப்பதாயின், பலகையிலிருந்தே 75 வாற்று எடுத்து இயங்கும் ஜிடிஎக்ஸ் 1650 போன்றதே பொருந்தும். பெட்டி ஒடுங்கியதாயின் அதற்கேற்ற குட்டை அட்டை வேண்டும். அளவுகோலோடு செல்க.

எங்கே வாங்குவது? பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் கடைகள் மிகுதி. சில பொருட்கள் சில ஆயிரம் குறையவுங்கூடும். கண்டியிலே கட்டுகஸ்தோட்டை வீதியிலும் தலதா வீதிப் பக்கத்திலும் விசாரித்துவிட்டே ரயில் ஏறுதல் நன்று. உறுப்புப் பழுதானால் வாங்கிய கடைக்கே கொண்டு செல்லவேண்டும். கொடுக்க ஒருமுறை, எடுக்க ஒருமுறை, கொழும்புக்குப் போய்வரும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க. ‘ஓராண்டு உத்தரவாதம்’ என்பதன் கீழே 350 நாள் என்று குறித்திருப்பதையும் காணலாம். நாட்காட்டியில் அந்நாளையே குறித்துக்கொள்க. கடையிலேயே பூட்டுவித்து, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, உறுப்பு ஒவ்வொன்றின் தொடரெண்ணும் சீட்டில் எழுதப்பட்டுள்ளதா என்று சரிபார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க. அச்சீட்டு வெப்பத்தாளில் அச்சிட்டதாயின் ஓராண்டுக்குள் எழுத்து மங்கிவிடும். அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்க.